முழங்காலில் ஒரு துடிப்பு

மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய சுண்டுவிரல் நுனி அவன் பிடிக்குள் ஒரு தடவை துள்ளியது.

"ஆட்டாதடி."

"நான் ஆட்டலப்பா. அதுவா ஆடுது."

ஜன்னல் கம்பிகளின் நிழலை மதிய வெயில் தரையில் கிடத்தியிருந்தது. சமையலறையில் தீய்ந்த பாலின் வாடை, ஃப்ரிட்ஜின் உறுமல், அதற்கும் அடியில் அவள் மூச்சு, இதய அறுவை சிகிச்சை முடிந்த நாளிலிருந்து தூக்கத்திலும் அவன் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய இழுப்பு. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. விரல் மட்டும் மறுபடியும் துள்ளியது.

நாடியாக இருக்கும் என்று மணிக்கட்டைப் பிடித்தான். மணிக்கட்டு ஒரு கணக்கில் அடித்தது. விரல் வேறு கணக்கில்.

அந்தத் துள்ளல் அவனுக்குப் பழக்கம். ஆய்வகத்தில், மைக்ராஸ்கோப்பின் அடியில், தினமும் பார்ப்பது. ஒரே காய்ச்சல்தான் மனைவியைக் கொண்டுபோனது. மகளின் இதயத்தில் பாதியைத் தழும்பாக்கிவிட்டும் போனது. மகளுக்குப் புது இதயத் தசை வளர்க்கத் தோல் தேவைப்பட்டபோது, "பிள்ளைய ஏன் குத்துறீங்க, என் தோல எடுத்துக்கோங்க" என்றாள் மனைவி, படுக்கையிலிருந்து. அந்தத் துளித் தோலை அவன்தான் இதய முன்னோடி செல்களாக மாற்றி வளர்த்தான். கருவில் இதயத்தைக் கட்டுவது அவைதான். வளரும்போது சில தசையாகும், சில ரத்தக்குழாயாகும். சில எதுவுமாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்; ரத்தத்தோடு போய் எங்கே தங்கினாலும் அங்கே தசையாகிவிடும். அவற்றைப் பிரித்து ப்ளீச்சில் ஊற்றிவிட வேண்டும். மிச்சத்தைத்தான் ஒட்டாக இதயத்தில் தைக்கலாம்.

பிரித்தான். ஊற்றக் கை வரவில்லை. மனைவியில் மிஞ்சியது அவ்வளவுதான். மகளின் இதயத்தில் தைக்கப்போகும் ஒட்டோடு திரும்பவும் சேர்த்துவிட்டான்.

தலை துவட்டியபடி மச்சினன் வந்து நின்றான். மனைவியின் தம்பி.

"என்ன மாமா, நகம் வெட்டுறீங்களா, இன்னொரு ஆபரேஷனா? இவ்வளவு நேரம்?"

"இங்க வா. இவ முட்டியைத் தொடு."

தொட்டான். சிரிப்பு நின்றது.

"துடிக்குது மாமா."

"முட்டிச் சில்லுக்கு மேல. அங்க எலும்புதான் இருக்கு."

"டாக்டருக்கு ஃபோன் போடுங்க."

போட்டு என்ன சொல்வது? ஓரிடம் என்றால் வெட்டி எடுக்கலாம். அவன் கழுத்துக்குப் பின்னால் தடவினான். அங்கேயும். காது மடலில். உள்ளங்காலில். ஒவ்வொன்றும் தன் போக்கில்.

"போய் வண்டியை எடு."

மச்சினன் ஈரத்தலையோடு படியிறங்கி ஓடினான். வீடு அமைதியானது. ஃப்ரிட்ஜும் நின்றிருந்தது.

"அப்பா, வலிக்கல. கூசுது."

"பேசாத கண்ணு."

மடியில் தூக்கிக்கொண்டான். இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான், எதையோ சிந்தாமல் பிடிப்பவனைப்போல. சட்டைக்குள்ளிருந்து, முதுகிலிருந்து, விலாவிலிருந்து, மழை தொடங்கும்போது தகரத்தில் விழும் துளிகள் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக அவன் உள்ளங்கைகளில் தட்டின.

ஆய்வகக் கிண்ணத்தில் தள்ளித்தள்ளி இருக்கும் இதயச் செல்கள் தனித்தனியாகத்தான் துடிக்கும். பெருகும். நெருங்கும். ஒன்றையொன்று தொட்டதும் ஒரே துடிப்பாகிவிடும். பல வருஷங்களுக்கு முன், முதன்முதலில் அதைப் பார்த்த அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். "பேசி வச்ச மாதிரி" என்றாள்.

முதுகும் விலாவும் சேர்ந்தன.

பிறகு கழுத்து.

பிறகு கை.

"அப்பா, இறுக்குது."

"எங்கடா?"

"எல்லா இடமும்."

நெஞ்சில் காதை வைத்தான். தையல் தழும்பின் மேல். அழுத்தி வைத்தான்.

ஒன்றுமில்லை.

மறு காதை வைத்தான்.

இல்லை.

ஆனால் கன்னம் சிவந்திருந்தது. உதடும் சிவப்புதான். கண் திறந்திருந்தாள். அவனையே பார்த்தாள். நெஞ்சுக்குள் இருந்த இதயம் வேலையை விட்டுவிட்டது. உடம்பு முழுக்கத் துடிக்கும்போது அதற்கு இனி வேலை இல்லை.

"அப்—"

சுருங்கினாள். தோள் உள்ளே போனது. முழங்கால் வயிற்றுக்கு ஏறியது. முகமே ஒரு முஷ்டியாக இறுகியது. அவன் இழுத்துப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

தளர்ந்தாள்.

"—பா."

மறுபடியும் சுருங்கினாள். தளர்ந்தாள். தலைமுதல் கால்வரை, ஒரே சீராக, அவன் கைகளுக்குள்.