மூன்றாவது ஏரியும் செத்தது

பிணங்கள்!

ஒன்றல்ல, இரண்டல்ல... ஏரி முழுக்க வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன!

கெண்டை, கெளுத்தி, விரால்... அத்தனையும் உடம்பெல்லாம் புண்ணோடு செத்துக் கிடந்தன.

இராசிபுரம் சப்-இன்ஸ்பெக்டர் கைலாசம் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். 1938-இல் இது மூன்றாவது ஏரி. மனுஷன் செத்தால் ஒரு பிணத்தோடு வேலை முடியும். இந்த மீன்கள் அவர் உயிரை வாங்கின.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் லாக்கப் முன்னால் நின்றார்.

உள்ளே பொன்னன். மீன் குத்தகை அவன் கையை விட்டுப் போன மறுவாரமே முதல் ஏரி செத்தது. வயிற்றெரிச்சலில் விஷம் கலந்தான் என்று பிடித்துப் போட்டாயிற்று. நாளைக்குத் தீர்ப்பு. மூன்று வருஷம் நிச்சயம்!

"நீ உள்ள இருக்கறப்பவே ரெண்டு ஏரி செத்துருக்குது. யாருடா உன் கூட்டாளி?"

"சாமி... சத்தியமா நா வெசம் வெக்கலீங்க! எம்பட பொண்டாட்டி நெறமாசக்காரிங்க... நா செயிலுக்குப் போயிட்டா அவளுக்கு யாருங்க இருக்கறாங்க?"

கைலாசத்துக்கு அலுப்பாக வந்தது. பதினைந்து நாளாகச் சரியான தூக்கமில்லை.

சேலத்திலிருந்து வந்திருந்த மீன் இலாகா அதிகாரி தீர்த்தகிரி, ஒரு கெண்டையை மேஜைமேல் போட்டார்.

"இது விஷமில்ல சார்... தொத்து வியாதி!"

"மீனுக்குமா?"

"ராமேஸ்வரத்துல கடல் முள்ளெலி இப்படித்தான் செத்துச்சு. பந்து மாதிரி இருக்கும், மேல பூரா முள்ளு. பத்தே நாள்ல முள்ளெல்லாம் உதிர்ந்து, மொட்டை மொட்டையா கரை ஒதுங்கிச்சு... ஆயிரக்கணக்குல! தண்ணியோடயே பாறைக்குப் பாறை தொத்திடுச்சு."

"அது ஒரே கடல். இங்க மூணு ஏரிக்கும் நடுவுல மைல் கணக்குல சோளக்காடு. வியாதி என்ன நடந்தா போச்சு?"

"யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க... ஈரத்தோட! அந்த ஆளைப் புடிங்க."

லாக்கப்பிலிருந்து பொன்னன் இருமினான்.

"ஒரு ஏரில நனைஞ்ச வலைய மூணு நா வெயில்ல காயப்போடாம நாங்க அடுத்த ஏரில எறக்கமாட்டமுங்க. எங்க கட்டுப்பாடுங்க அது. ஆனா சாட்சிச் சாக்குக்குத்தான் கட்டுப்பாடே இல்லீங்களே!"

"எந்தச் சாக்கு?"

கான்ஸ்டபிள் சண்முகவேலின் முகம் வெளுத்தது.

"ஐயா... வாய்தாவுக்கு வாய்தா செத்த மீனச் சாக்குல கட்டி நாமக்கல் கோர்ட்டுக்குக் கொண்டு போறமுங்களே... ஜட்காக் குதிரைக்குத் தண்ணி காட்டற எடத்துல எல்லாம்..."

"எல்லாம்?"

"ஏரில முக்கி எடுத்தனுங்க! நாத்தம் தாங்கல, நனைச்சுக் கொண்டு வான்னு நீங்கதானுங்க சொன்னீங்க!"

"நா அப்பவே வேண்டாமுன்னனுங்க," என்றான் பொன்னன். "வாய மூடுடான்னு ஐயாதான்..."

கைலாசத்துக்கு வெட்கமாக இருந்தது. சாவியை எடுத்தார். லாக்கப்பைத் திறந்தார்.

"ஊட்டுக்குப் போ பொன்னா. கோர்ட்டுல நானே சொல்லிக்கறேன். என்னைய மன்னிச்சுக்க."

அவன் வெளியே வந்ததும் இவர் உள்ளே போனார்! தொப்பியைக் கழற்றி, பொன்னனின் பாயில் காலை நீட்டினார்.

"ஐயா! என்னங்க இது?" சண்முகவேல் அலறினான்.

"அதான் குற்றவாளியப் புடிச்சாச்சேய்யா... வெளிய பூட்டு. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கெளம்பற வரைக்கும் எழுப்பாத!"