மூன்று பேருக்கான கயிறு

கூடாரத்தின் உள்பக்கத் துணியில் நான்கு இடங்களில் பனி பூத்திருந்தது.

படுத்திருந்தவர்கள் மூன்று பேர்தான். கடுங்குளிரில் உறங்குகிறவர் விடும் மூச்சு, தலைக்கு மேலே உள்ள துணியில் பட்டு உறைந்து, ஒரு தட்டு அளவுக்கு வெள்ளையாகப் படிந்துவிடும். பல் டாக்டரின் தலைக்கு மேல் ஒன்று, தங்கை புருஷனின் தலைக்கு மேல் ஒன்று, அவள் தலைக்கு மேல் ஒன்று. நான்காவது அவளுக்கு வலப்பக்கம், துணி சரிந்து தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே இருந்தது. அந்தப் பக்கம் அவளுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கக்கூட இடம் கிடையாது.

கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மற்ற மூன்றையும்விட அது தடிமனாக இருந்தது.

"டாக்டர், தூக்கத்துல உருண்டு இந்தப் பக்கம் வந்தீங்களா?"

பல் டாக்டர் உறக்கப் பைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டினார். "இல்லியே மேடம். நான் அசையவே இல்ல. அசைஞ்சா குளிருது."

"அசையாம கிடக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல."

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல்லைக் காட்டினார். பல் மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

மலை ஏறக் கற்றுத்தருவது அவள் தொழில். ஏறக்கூடிய மனிதர்கள் மிகக் குறைவு என்பது அந்தத் தொழிலில் அவள் கண்ட ஒரே உண்மை. மீதிப் பேர் புகைப்படத்துக்காக வருகிறவர்கள், வீட்டுச் சண்டையிலிருந்து தப்பி வருகிறவர்கள், கால் கொப்புளத்தைக் கண்டதும் அம்மாவை நினைத்து அழுகிறவர்கள். முதுகுக்குப் பின்னால் அவளை 'ஐஸ்கட்டி' என்று கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது போகவேண்டிய மலை பூமியின் அடிமுனையில் இருந்தது. சுற்றிலும் பனிக்கட்டி. ஒரு புல் இல்லை, ஒரு பறவை இல்லை. காற்று நின்றால்தான் அங்கே பயப்பட வேண்டும் என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். கூட வரச் சம்மதித்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். வேறு யாரும் அவளோடு இரண்டாம் தடவை மலைக்கு வருவதில்லை.

தங்கை புருஷன் ஓர் ஐஸ்கிரீம் கம்பெனியில் குளிர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, காலியாகக் கிடந்த பழைய குளிர்க்கிடங்கு ஒன்றைப் பயிற்சிக்கு வாங்கித் தந்திருந்தார். கூடாரத்தை அதற்குள்தான் போட்டிருந்தார்கள். அதில் மைனஸ் முப்பது வரை குளிரைக் கொண்டுவர முடியும். கூரை உயரத்துக்கு இரும்பு அடுக்குகள் வரிசை வரிசையாக நிற்கும். மேலே ஆளுயர மின்விசிறிகள் ஓயாமல் இரையும். அவை தள்ளும் மூடுபனி அடுக்குகளுக்கு நடுவே தரையோடு தரையாக ஊர்ந்து போகும். எப்போதோ சிந்திய வெண்ணிலா வாசனை சுவரிலேயே உறைந்துபோயிருந்தது. கூடவே பழைய இரும்பின் வாசனை. அதற்கும் அடியில் இன்னொன்று, வெகு நாள் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்ததும் வருமே, அந்த மாதிரி. முதல் நாள் வந்தபோது அது இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

கூடாரத்தை மடித்துவிட்டுக் காலைப் பயிற்சிக்குக் கயிற்றை எடுத்தார்கள். பனிப்பரப்பில் வெடிப்புகள் இருக்கும். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க, எல்லோரும் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். ஆளுக்கொரு வளையம் முடிச்சுப் போட்டு வைப்பது தங்கை புருஷனின் வேலை. அவள் கயிற்றைக் கையில் ஓட்டிப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"மாப்ளே, மூளையையும் இங்கயே உறைய வச்சுட்டீங்களா? நாம எத்தனை பேரு?"

"மூணு பேருதான்க்கா."

"அப்ப இது யாருக்கு? உங்க முதலாளிக்கா?"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். "நான் மூணுதான் போட்டேன். சத்தியமா. டாக்டரும் பக்கத்துல இருந்தாரே."

"அவர் இருந்தா சாட்சியா? அவருக்கு முப்பத்திரண்டுக்கு மேல எண்ணத் தெரியாது. அதுக்குக் கீழயும் சந்தேகம்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் பேசினால் சிரித்துவிட வேண்டும் என்று பழகியிருந்தார்கள். அவள் நான்காவது முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தாள். அவிழவில்லை. கையால் போட்டு இழுத்த முடிச்சுக்கும், ஆள் எடை தொங்கி இறுகிய முடிச்சுக்கும் உள்ள வித்தியாசம் அவள் விரல்களுக்குத் தெரியும். இது தொங்கிய முடிச்சு. இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து, கல்லாகிக் கிடந்தது. அதில் யாரோ வெகுநேரம் தொங்கியிருக்க வேண்டும். வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வெட்டிய துண்டைத் தூர எறிந்துவிட்டுக் கையுறைகளை அவசரமாக மாட்டிக்கொண்டாள். குளிர், என்று சொல்லிக்கொண்டாள். பயம் என்பது அவளைப் பொறுத்தவரை சோம்பேறிகள் கண்டுபிடித்த வியாதி.

அன்று முழுவதும் ஏதோ ஒன்று சரியாக இல்லை. பனிக்கோடரியை ஊன்றி விழுந்து எழும் பயிற்சியின்போது, அடுக்குகளுக்கு அப்பால் நின்றிருந்த டாக்டர் யாருக்கோ தலையாட்டி, "சரி மேடம், வரேன் மேடம்" என்றார். அவள் இந்தப் பக்கம் நின்றிருந்தாள். வாயே திறக்கவில்லை.

"யார்கிட்ட பேசறீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. "நீங்கதான கூப்பிட்டீங்க? அந்த மூலைக்கு வாங்கன்னு."

"டாக்டர், உங்க நோயாளிக்குக் குடுக்கற மயக்க ஊசிய நீங்களே போட்டுக்கறீங்களா?"

வழக்கமான சிரிப்பு வரவில்லை. அவர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறியின் மூடுபனி அங்கே மட்டும் எதன்மீதோ மோதி இரண்டாகப் பிரிந்து போவதுபோல இருந்தது. அவள் கண்ணைக் கசக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் கிடங்குக்கு வெளியே, வெயில் விழும் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். தங்கை புருஷன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்றைக்கும் இல்லாத மலர்ச்சியோடு அவளைப் பார்த்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க சொன்னது மனசுக்கு ரொம்பத் தெம்பா இருந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"உள்ள, அந்தக் கடைசி வரிசையில. நான் நல்லா நடக்கறேன், என்னை நம்பி எங்க வேணும்னாலும் வரலாம்னு சொன்னீங்களே. தோள்லகூடக் கை வச்சீங்க." அவர் வெட்கத்தோடு டீயைப் பார்த்துக்கொண்டார். "ஊட்டுல அவகிட்ட சொல்லணும். உங்க அக்கா அப்படி ஒண்ணும் கல்நெஞ்சு இல்லன்னு."

அவள் தன் வாழ்க்கையில் யார் தோளிலும் கை வைத்ததில்லை. இந்த ஆள் நடப்பது நடையே இல்லை. வாத்து பூட்ஸ் போட்ட மாதிரி. டம்ளரைப் படியில் வைத்தாள். 'நான் சொல்லவில்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். அந்த மலைக்குப் போகும் கப்பல் காத்திராது. இந்தக் கோழைகளுக்குக் காரணம் கொடுத்தால் போதும், கூட்டம் கலைந்துவிடும். ரெண்டும் கூட்டுச் சேர்ந்து என்னிடம் விளையாட்டுக் காட்டுகின்றன, அவ்வளவுதான். அப்படி நினைத்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் மூச்சு இலகுவானது.

"எழுந்திரிங்க. இன்னும் ஒரு பயிற்சி பாக்கி இருக்கு. வெண்குருடு."

துருவத்தில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, நீட்டிய கை தெரியாமல் போகும் நேரங்கள் உண்டு. அதற்குப் பழக, பனிக்கண்ணாடியின்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கயிற்றை மட்டும் நம்பி நடக்க வேண்டும். முன்னால் தங்கை புருஷன், நடுவில் டாக்டர், கடைசியில் அவள். இரண்டு ஆண்களுக்கும் நீலச் சட்டை. தலைவிக்குச் சிவப்பு. தன் கையாலேயே மூன்று முடிச்சும் போட்டாள். கயிற்றை ஒரு தரம் இழுத்தால் நில், இரண்டு தரம் இழுத்தால் நட.

"வரிசையெல்லாம் சுத்திட்டு, கதவுகிட்ட வந்து நிக்கணும். வாய் பேசக் கூடாது. பேசறதுக்கு உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன்."

கண்ணாடியை இறக்கினாள். உலகம் வெள்ளையானது.

இரண்டு தரம் இழுத்தாள். கயிறு முன்னால் நகர்ந்தது. பூட்ஸின் இரும்புப் பற்கள் தரைப்பனியில் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம், விசிறிகளின் இரைச்சல், முகத்துணிக்குள் தன் மூச்சு திரும்பித் தன் மேலேயே படும் ஈரச் சூடு. இடது கை அடுக்கின் இரும்புக் காலைத் தடவியபடி வந்தது. முதல் திருப்பம் ஒழுங்காகப் போனது. அந்தப் பூட்டிய பெட்டி வாசனை இப்போது கூடியிருந்தது. இரண்டாவது திருப்பத்தில் இடுப்பு கனத்தது. கயிற்றின் வால் எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள். உதறினாள். மாட்டவில்லை. இழுத்தால் வந்தது. நின்றால் நின்றது.

கறுக். கறுக். அவள் கால். டாக்டர் கால். மாப்பிள்ளையின் கால். இன்னொன்று. பின்னால்.

நின்றாள். பின்னால் அது ஓரடி கூடுதலாக வைத்துவிட்டு நின்றது.

திரும்பவில்லை. திரும்பினாலும் வெள்ளைதான். கண்ணாடியைத் தூக்கினால் தெரியும். தூக்கினால் அந்த இரண்டு மடையர்கள் பார்ப்பார்கள், தலைவிக்கே பயம் என்று சிரிப்பார்கள். தூக்கவில்லை. நடந்தாள். உள்ளங்கை வேர்த்து, வேர்வை கையுறைக்குள் ஜில்லென்று ஆனது.

அப்போது முன்னால் குரல் கேட்டது.

"அவ்வளவுதான், இன்னும் கொஞ்ச தூரம். அழகா வர்றீங்க."

பெண் குரல்.

அவள் குரல்.

"சரி மேடம்," என்றார் டாக்டர், சந்தோஷமாக.

கண்ணாடியைப் பிடுங்கினாள். வெளிச்சம் கண்ணில் குத்தியது. நீள வரிசையின் கோடியில் கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை வெளியே போய்க்கொண்டிருந்தார். அவர் இடுப்பிலிருந்து கயிறு டாக்டருக்கு. டாக்டரின் இடுப்பிலிருந்து கயிறு, அவருக்குப் பின்னால் போகிறவளுக்கு. சிவப்புச் சட்டை. அவளுடைய சிவப்பு. இடது காலைச் சற்றே வீசி வைக்கும் அவளுடைய நடை.

"ஏய்!"

டாக்டர் திரும்பினார். அவர் பார்வை வரிசை முழுவதும் தடவிவிட்டு, அவளைத் தாண்டிப் போய், சிவப்புச் சட்டையிடம் வந்து நின்றது. "கூப்பிட்டீங்களா மேடம்?"

"இல்லியே. விசிறிச் சத்தமா இருக்கும். வாங்க, டீ ஆறிடும்."

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். கதவு மூடியது.

ஓடினாள். உள்ளிருந்து திறக்க, கதவின் நடுவில் ஒரு பச்சைக் குமிழ். அதை அழுத்தினால் போதும். கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் குமிழுக்கும் ஒரு சாண் இருக்கும்போது இடுப்பில் கயிறு வெட்டி இழுத்தது.

குனிந்து பார்த்தாள். முன்பக்கம் கயிறே இல்லை. இடுப்பிலிருந்து பின்னால் போனது. தரையில் கிடக்கவில்லை. விறைப்பாக, நேர்க்கோடாக, மூடுபனிக்குள் போனது. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில்.

முடிச்சைப் பிடித்தாள். கல். கத்தி? பையில். பை வெளியே.

"மாப்ளே! டாக்டர்!"

விசிறிகள் இரைந்தன.

கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சன்னல். அதில் நிழல் விழுந்தது. வெளியிலிருந்து சிவப்புச் சட்டைக்காரி எட்டிப் பார்த்தாள். பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். அவளுடைய முகம்தான், கன்னத்து மச்சம்வரை. கதவைத் திறக்க அது கையைத் தூக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தது. உதட்டின் ஓரம் மெல்லக் கோணியது. தேறாதவர்களை அவள் பார்க்கும் பார்வை.

பின்னால், மூடுபனிக்குள்ளிருந்து, யாரோ கயிற்றைக் கைக்குக் கை மாற்றி நிதானமாகச் சுருட்டத் தொடங்கினார்கள்.

சன்னலில் அந்த முகம் அலுப்போடு பார்த்துக்கொண்டே நின்றது. கதவின் இந்தப் பக்கம், அவளுடைய பூட்ஸின் இரும்புப் பற்கள் தரைப்பனியில் இரண்டு நீளக் கோடுகளைக் கிழித்தபடி, பின்னோக்கி, அடுக்குகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன.