தாத்தாவின் தட்டு எப்படிக் காலியாகிறது?

தாத்தா மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். டீயில் உப்பைப் போட்டார். பேத்தி வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் பூங்காவிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் அவர் தெருமுனையில் நின்றாரே, அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஊரெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர் அவர்!

டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். "ஒரு வைட்டமின் ரொம்பக் குறைவா இருக்கு. அதனாலகூட மறதி வரலாம். முட்டை, மீன், கறின்னு நல்லா சாப்பிடட்டும். அப்புறம் பார்ப்போம்."

"அதுவரைக்கும் தனியா செஸ் ஆடப் போகவேண்டாம்ப்பா" என்றாள் அம்மா.

தாத்தாவின் முகம் தொங்கிப்போனது. பூங்காவில் செஸ் ஆடுவதென்றால் அவருக்கு உயிர்.

அம்மா வகைவகையாகச் சமைத்தாள். தாத்தாவின் தட்டு தினமும் பளிச்சென்று காலியானது. ஆனால் அடுத்த சோதனையிலும் வைட்டமின் ஏறவே இல்லை.

"சாப்பிட்டதெல்லாம் எங்கதான் போகுது?" அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது வாலுவின் ஸ்பூன் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசைக்கடியில் பக்கத்து வீட்டுப் பூனை! அதற்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தது தாத்தாவின் கை!

அம்மா அடுப்படிக்குப் போகும்வரை வாலு வாயைத் திறக்கவில்லை.

"என்ன தாத்தா இது?"

"உஷ்! புதுப் பல்செட் ஈறைக் குத்துதுடி. மெல்லவே முடியல. டீயில பிஸ்கட்டை நனைச்சு ஓட்டிட்டு இருக்கேன்."

"அம்மாகிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"ஏற்கெனவே மறதிக்காரன்னு பேரு வாங்கியாச்சு. இப்ப பல்லும் சரியில்லைன்னா, கிழவன் எதுக்குமே லாயக்கில்லைன்னு நினைப்பா. நீயும் சொல்லிடாதே."

வாலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டுக்கொடுத்தால் தாத்தாவுக்கு அவமானம். விட்டுவிட்டால் அவருக்குப் பூங்காவே கிடையாது. என்ன செய்வது?

"ஈ" என்று பல்லைக் காட்டினாள். "என் பல்லுக் கம்பியும் இப்படித்தான் குத்தும். நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட போறேன். பயமா இருக்கு. அம்மா வெளியே இருக்கட்டும், உள்ளே நீங்க துணைக்கு வரீங்களா?"

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் இருக்கும்போது என்ன பயம்?"

மறுநாள் கம்பியை முறுக்கி முடித்ததும் வாலு நாற்காலியிலிருந்து குதித்தாள். "டாக்டர், அடுத்தது எங்க தாத்தா!"

தாத்தா அவளை முறைத்தார். ஆனாலும் உட்கார்ந்தார்.

"அடடா, ஈறெல்லாம் புண்ணா இருக்கே! தப்பு செட்டுமேலதான், உங்கமேல இல்லை" என்றார் பல் டாக்டர். குத்திய ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்தார்.

புண் ஆறியதும் தாத்தாவே அம்மாவிடம் பூனை விஷயத்தைச் சொன்னார். அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"இதைச் சொல்ல என்னப்பா கூச்சம்? நான் உங்க பொண்ணுதானே?"

அதன்பிறகு தாத்தா முட்டையையும் மீனையும் ரசித்துச் சாப்பிட்டார். சில மாதங்களில் ரத்தத்தில் வைட்டமின் ஏறியது. மறதியும் மெல்ல மெல்லக் குறைந்தது. "இனி தனியா போகலாம்" என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே போக அம்மாவும் செருப்பை மாட்டினாள்.

"இரும்மா" என்று வாலு அவள் கையைப் பிடித்தாள். இருவரும் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

தாத்தா தெருமுனையில் நின்றார். அம்மாவுக்குப் பக்கென்றது.

அவர் திரும்பினார். "ரெண்டு பேரும் எட்டிப் பார்த்தது போதும்! உள்ளே போய் வேலையைப் பாருங்க!" என்று கத்திவிட்டு, பூங்கா இருக்கும் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.