கொடிக்கம்பம் கொடுத்த அடி

திங்கட்கிழமை லோகப்பிரியா உள்ளே நுழைந்ததும் ஐந்தாம் வகுப்பு கப்சிப் என்றானது. அவளுடைய இரண்டு கண்களும் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தன.

வெள்ளிக்கிழமை பந்தைத் துரத்தி ஓடியவள் பள்ளிக் கொடிக்கம்பத்தில் மோதிவிட்டாள். நெற்றி எலுமிச்சம்பழம் போலப் புடைத்தது. கண்ணில் அடி எதுவும் படவில்லை.

அங்கேதான் வந்தது வம்பு.

"கம்பத்துல இடிச்சா நெத்திதானே வீங்கோணும்? யாரோ கண்ணுல குத்திப்போட்டாங்க" என்றான் வம்சி.

எல்லோரும் சின்னானைப் பார்த்தார்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் அவனும் லோகப்பிரியாவும் போட்ட வாய்ச்சண்டையைத் தெருவே வேடிக்கை பார்த்திருந்தது.

"சின்னான், சனிக்கிழமை கோகோ போட்டிக்கு நீ வர வேண்டாம்" என்றார் கனகம் டீச்சர்.

சின்னானுக்குக் கோகோ என்றால் உயிர். அவன் முகம் சுருங்கிப்போனது.

"அவன் அடிக்கலீங்க டீச்சர்!" என்றாள் லோகப்பிரியா.

"பயந்துட்டு மறைக்காதே கண்ணு."

லோகப்பிரியாவுக்கு எரிச்சலாக வந்தது. சின்னானை அவளுக்குப் பிடிக்காதுதான். இரவல் வாங்கிய பென்சிலைக் கடித்துத் திருப்பித் தருகிறவனை யாருக்குப் பிடிக்கும்? அதற்காகச் செய்யாத தப்புக்கு அவன் மாட்டலாமா?

"காலையில டாக்டரு பாத்தாருங்க. தலைக்குள்ள ஒண்ணுமில்லையாம். நெத்தியில கட்டுன ரத்தம் கண்ணுக்கு இறங்கியிருக்குதாம்."

"ரத்தம் எப்படி இறங்கும்? படியிலயா?" என்றான் வம்சி. வகுப்பே சிரித்தது.

லோகப்பிரியா யோசித்தாள். கருமத்தம்பட்டியில் அவள் வீட்டுக்குப் பின்னால் அப்பா சாயநூலைத் தொங்கவிட்டு உலர்த்துவது நினைவுக்கு வந்தது. தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். அதன் மேல்முனையில் பேனா மையை உதறினாள்.

மை மெல்ல மெல்லக் கீழே ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே வெளுத்து, அடி ஓரம் நீலமாகிவிட்டது.

"எங்க ஊட்டுல சாயம் இப்படித்தானுங்க இறங்கும். வெள்ளிக்கிழமை என்ற நெத்தி எப்படி இருந்துச்சு? இப்பப் பாருங்க!"

கனகம் டீச்சர் அவள் நெற்றியை மெல்லத் தடவிப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைக் காணோம்.

"விசாரிக்காம சொல்லிப்போட்டேன். என்ற தப்புதான் சின்னான். சனிக்கிழமை வந்துரு சாமி" என்றார்.

"அப்போ கம்பத்தைத்தான் போட்டிக்கு வர வேண்டாம்னு சொல்லோணும்" என்றான் வம்சி. இப்போது சின்னானும் சிரித்தான். ஆனால் மணி அடித்ததும் லோகப்பிரியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டான்.

மறுநாள் காலை கொடிக்கம்பத்தைச் சுற்றித் தறிக்கூடத்துப் பழைய துணி மெத்தை போலக் கட்டியிருந்தது. பக்கத்தில் சின்னான் நின்றிருந்தான்.

"சரியா உன்ற நெத்தி உயரத்துக்குக் கட்டியிருக்கறேன்" என்றான். "இனி வளந்தீன்னா சொல்லு, ஏத்திக் கட்டறேன்."