ஆர்லீதாவின் மூச்சு

1993 நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை. ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி நின்ற ஒரு பழைய செங்கல் கட்டடத்துக்கு வேலைக்குப் போனேன். ஒருகாலத்தில் அது மெத்தை செய்யும் தொழிற்சாலையாம். என்னுடைய இடம் நிலக்கீழ் அறை.

செங்குத்தான மரப்படிகள். இறங்க இறங்க வெளியே ஓடும் வாகனங்களின் இரைச்சல் குறைந்துகொண்டே போகும். கடைசிப் படியில் நின்றால் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் உறுமல் மட்டும்தான் கேட்கும். பிறகு அந்த மணம். மெழுகு உருகினாற்போல, பழைய காகிதம் புழுங்கினாற்போல ஒரு மணம். சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஒலிநாடா.

முதலாளி ஹாவர்ட், அலபாமாவில் மூடிப்போன ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தின் நாடாக்களை மொத்தமாக வாங்கியிருந்தார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தென்மாநிலத்துக் கறுப்பினப் பாடகர்கள் பாடிய சோல் பாட்டுகள். தேவாலயத்தில் பாடிப் பழகி, மனம் உடைந்த கதையைப் பாட வந்தவர்கள். பலருடைய பாட்டு இசைத்தட்டாக வெளிவரவே இல்லை. அவற்றைத் தேடி எடுத்து, புதிதாகப் பிரதி செய்து வெளியிடுவது அவருடைய எண்ணம். பிரதி செய்வது என் வேலை. கொழும்பில் வானொலி ஒலிப்பதிவுப் பகுதியில் இரண்டு வருடம் இருந்ததால் எனக்கு அது கிடைத்தது.

ஹாவர்ட் முதல் நாளே ஒன்றைச் சொல்லித் தந்தார். "எழுபத்திரண்டுக்குப் பிந்திய நாடாக்கள் ஈரம் குடிச்சிருக்கும், ரதி. இந்தச் சூட்டுப் பெட்டியில எட்டு மணித்தியாலம் வைச்ச பிறகுதான் ஓடவிட வேணும். இல்லாட்டி நாடாவில இருக்கிற மண்ணிறப் பூச்சு கழண்டு, அதோட பாட்டும் உரிஞ்சு வந்திடும்."

டிசம்பரில் ஒரு அம்மா வந்தார். பெயர் நெட்டி கிரைம்ஸ். அலபாமாவில் பிறந்து, ரொறன்ரோவில் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரெக்ஸ்டேலில் தனியே இருக்கிறார். எங்களைப் பற்றிப் பேப்பரில் வாசித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

"என்ர தங்கச்சி ஆர்லீதா அந்தக் கூடத்தில ஒரே ஒரு பாட்டுப் பாடினவள். எழுபத்திநாலில. வீட்டுக்குத் திரும்பேக்க கார் பாலத்தால விழுந்திட்டுது. அவளின்ர குரல் வேற எங்கயும் இல்லை, மகள். நான் அந்தப் பாட்டை ஒருநாளும் கேட்டதில்லை."

என் கையைப் பிடித்தார். தேடித் தருகிறேன் என்றேன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அது கிடைத்தது. பெட்டியின் ஓரத்தில் பென்சில் எழுத்து: ஆர்லீதா கிரைம்ஸ், ஒரு பாட்டு, 1974.

அன்றைக்கு ஸ்காபரோவில் அண்ணாவின் மகனுக்குப் பிறந்தநாள். ஐந்து மணிக்குக் கேக் எடுக்கவேண்டும். சூட்டுப் பெட்டியில் வைத்தால் திங்கட்கிழமைதான் கேட்கலாம். ஒரு நிமிடம் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். பிரதி எடுக்கும் இயந்திரத்தைக்கூட நான் போடவில்லை.

யாரோ ஒருவர் நாலுவரை எண்ணினார். ஓர்கன் வாத்தியம் மெல்லத் தொடங்கியது. ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு பாடினாள்.

தன்னை விட்டுப் போனவனைத் திட்டவும் முடியாமல் மறக்கவும் முடியாமல், கதவடியில் விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கிற ஒருத்தியின் பாட்டு. மூன்றாவது வரியில் நாடா கீச்சிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நாடா உரிகிற சத்தம். நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தேன்.

அழுத்தவில்லை.

அடுத்த வரியைக் கேட்டுவிட்டு நிறுத்துவோம் என்று இருந்தேன். பிறகு அதற்கடுத்த வரி. பாட்டு முடிந்தது.

இயந்திரத்தின் முகமெல்லாம் மண்ணிறக் களிம்பு. நாடா அங்கங்கே கண்ணாடித் தாள்போல வெளிறிக் கிடந்தது. திரும்பச் சுற்றிப் போட்டேன். கரகரப்பு மட்டும்தான்.

மருந்துச் சாராயத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். நாலு பஞ்சுத் துண்டுகள். ஒரு மனுசியின் குரல் முழுக்க அந்த நாலு துண்டுக்குள் வந்துவிட்டது. குப்பைக் கூடையில் போட்டேன். பதிவேட்டில், "வெறும் நாடா, பதிவு இல்லை" என்று எழுதினேன். கேக் எடுக்க நேரத்துக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை நெட்டி அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பெட்டி கிடைத்தது, உள்ளே ஒன்றும் பதிவாகவில்லை என்றேன்.



"பரவாயில்லை, மகள். தேடினதுக்கு நன்றி" என்றார்.

அவர் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணிபோல வேறொரு நாடா போட்டேன். 1968. நாலு ஆண்கள் பாடும் பாட்டு, பெண்குரல் கிடையாது. ஓர்கன் தொடங்குவதற்கு முன் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள்.

அதே மூச்சு.

அடுத்த நாடாவிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். ஹாவர்டைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். காதுக்கருவியை மாட்டி, கண்ணை மூடி, இரண்டுதரம் கேட்டார். "நல்ல சுத்தமான பதிவு" என்றார்.

அவர் மேலே போன பிறகு இயந்திரத்தை நிறுத்தினேன். காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

மூச்சு கேட்டது.

எனக்குப் பின்னால், பிடரிக்குக் கிட்ட.

அன்று பின்னேரம் என் கணவர் சச்சிதானந்தன் சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"இஞ்ச, உந்தப் போன் மெசின்ல ஆரோ மெசேஜ் விட்டிருக்கு. ஒரு கதையும் இல்லை. ஆரோ பொம்பிளை மூச்சு எடுக்கிறா. ஒன்பது மெசேஜும் அதுதான். உனக்கு ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாதப்பா" என்றேன். அது என் மூன்றாவது பொய்.

சோறு பிசைந்தபோது பார்த்தேன். விரல்நுனிகளில் மண்ணிறம். சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய் தேய்த்தேன். போனது, காலையில் திரும்ப வந்திருந்தது. மெழுகு மணத்தோடு.

மூச்சு ஒவ்வொரு நாளும் நீண்டது. அது பயமுறுத்த வந்த மூச்சு இல்லை என்று எனக்கு மெல்ல விளங்கியது. பாட எடுத்த மூச்சு. எடுத்துவிட்டுப் பாட வழியில்லாமல் அப்படியே நிற்கிற மூச்சு. அது விளங்கிய பிறகுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ரெக்ஸ்டேலுக்குப் போனேன். பஸ் யன்னலெல்லாம் பனிப்புகார். பக்கத்துச் சீற் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பக்கத்து யன்னலில் மட்டும் யாரோ ஊதினாற்போல ஒரு வட்டம் படர்வதும் மறைவதுமாக இருந்தது.

நெட்டி அம்மா தேத்தண்ணி வைத்தார். நான் குடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சூட்டுப் பெட்டி, கேக், பஞ்சு, பதிவேடு. நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசைவிரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"முழுசாக் கேட்டனியோ?"

"ஓம்."

"உலகத்தில நீ ஒருத்திதான் கேட்டிருக்கிறாய்."

"ஓம்."

"அப்ப பாடு."

"எனக்குப் பாடத் தெரியாது அம்மா. சொல்லுகளும் சரியா ஞாபகமில்லை."

"பாடு" என்றார். மிக மெல்லச் சொன்னார்.

வாயைத் திறந்தேன். மூச்சை உள்ளே இழுத்தேன்.

நான் இழுத்த மூச்சு என்னுடையதில்லை.

பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. தொண்டை சுட்டது. எனக்குத் தெரியாத சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தக் கதவும் எரிகிற விளக்கும், கடைசியில் குரல் உடைந்து மேலே ஏறுகிற அந்த இடமும் வந்தன. அலுமாரிக் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. நெட்டி அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். கண்ணீர் விரலிடுக்கால் ஓடியது.

பாட்டு முடிந்தது. அறை முழுக்க மெழுகு மணம்.

அவர் என் தோளுக்கு மேலால் எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார். "கேட்டிட்டன், ஆர்லீதா. இனி அந்தப் பிள்ளையை விடு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசல்வரை வந்து என் மேற்சட்டையை எடுத்துத் தந்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கோடையில் அவர் காலமானார் என்று பிறகு அறிந்தேன்.

ரெக்ஸ்டேல் போய்வந்த திங்கட்கிழமையே ஹாவர்டிடம் உண்மையைச் சொன்னேன். பதிவேட்டில் நான் எழுதிய வரியை வெட்டி, "என் கவனக்குறைவால் அழிந்தது" என்று திருத்திக் கையெழுத்து வைத்துவிட்டு வேலையை விட்டேன். அந்த மூச்சு கேட்பது நின்றது. விரல்கள் வெளுத்தன. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரலில் யாழ்ப்பாணம் போன ஒருவரிடம் அம்மாவுக்கு ஒரு கசெற் கொடுத்துவிட்டேன். போரால் அங்கே போன் இல்லாத காலம். கடிதம் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவது சுகமாக இருந்தது. இரண்டு பக்கமும் நானே பேசினேன். என் சுகம், குளிர், வேலை தேடுவது, எல்லாம். திரும்பப் போட்டுக் கேட்கவில்லை.

ஆகஸ்டில் அம்மாவின் பதில் வந்தது. கோடு போட்ட கொப்பித்தாளில், வழக்கமான கையெழுத்தில்.

"கசெற் கிடைச்சுது பிள்ளை. கரண்ட் இல்லாதபடியால் சைக்கிள் டைனமோவில பூட்டித்தான் கேட்டனாங்கள். உன்ர குரல் உதில ஒரு இடத்திலயும் இல்லை. ஆரோ ஒரு பெம்பிளைப்பிள்ளை இங்கிலீசில பாடுறா. எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா கேட்ட சனம் எல்லாம் அழுதிட்டுது. பாடி முடிய, உன்ர பேரைச் சொல்லி ரண்டுதரம் கூப்பிடுறா. ஆர் அவ? உன்னோடயோ இருக்கிறா?"