ஆணியில் ஒரு துணி

துப்பாக்கிக் குழலில் நேற்று சுத்தியலால் தட்டிச் சமமாக்கிய வீக்கம் இன்று மறுபடி விரலில் தட்டுப்பட்டது. அதே இடத்தில் இருந்திருந்தால் தன் கைவேலையைத்தான் திட்டியிருப்பான். இதுவோ இரண்டு விரற்கடை நகர்ந்து, தோட்டா போடும் முனைப் பக்கம் வந்திருந்தது. இரும்பு ஊர்ந்து போகுமா என்ன?

அது அண்ணனின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. போன மாதம் வயலில் புகுந்த காட்டுப்பன்றியைச் சுட்டபோது குறி தவறி, பன்றி திரும்பிப் பாய்ந்து, அண்ணன் போய்ச் சேர்ந்தான். குழலுக்குள் ஏதாவது அடைத்திருக்கும்போது சுட்டால்தான் இப்படி வீங்கும். அது துப்பாக்கி பழுதுபார்க்கிற அவனுக்குத் தெரியாதா? யார் அடைத்தது என்பதுதான் கேள்வி. அந்த வீட்டில் அண்ணனையும் அண்ணியையும் தவிர ஆளில்லை. நிலத்தை விற்பதில் இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை சரியில்லை.

அந்த அண்ணி இப்போது பட்டறை மேசைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழலைக் கழற்றிய பிடிப்பகுதி நடுவில் கிடந்தது.

"ஏன் வீங்குச்சுன்னு தெரிஞ்சுதா தம்பி?"

"பாத்துட்டுதான் இருக்கேன்."

அளவான எஃகு உருளையை இடக்குழலுக்குள் செலுத்தி, வெளியே சுற்றிச் சுற்றித் தட்டினான். சன்னலில் மழை வழிந்துகொண்டிருக்க, எண்ணெய் வாடைக்கும் கரிமருந்து வாடைக்கும் அடியில் நனைந்த துணியின் புழுங்கல் நாற்றம் ஒன்று குழலிலிருந்தே வருவதுபோல் இருந்தது.

"அன்னிக்கு இத வீட்ல யாரு எடுத்தா அண்ணி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுக்கு எங்க வந்துச்சு? நீங்க தொடச்சுக் குடுத்தத வாங்கிட்டு நேரா வயலுக்குல்ல போனாரு."

சுத்தியல் நின்றது.

இரண்டு குழலுக்கு இரண்டு துணி. துடைத்ததும் இரண்டையும் சுவர் ஆணியில் மாட்டி, எண்ணிப் பார்த்த பிறகே துப்பாக்கியைக் கொடுப்பான். அன்று அண்ணன் வாசலிலேயே நின்று அவசரப்படுத்தினான். "புது மாப்ள மாதிரி அசஞ்சு அசஞ்சு செய்யாதடா, பன்னி எனக்காகக் காத்துட்டிருக்காது." சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டான்.

ஆணியைப் பார்த்தான். நீலக் கட்டம் போட்ட அவனுடைய பழைய சட்டைத் துண்டு. ஒன்று மட்டும்.

அடப்பாவி, நான்தானா?

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல. குழல் துருவேறி இத்துப்போச்சு. அவ்வளவுதான்."

"ஈரத்துல வச்சிருந்தது நான்தானே." அவள் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். "என்னாலதான் போனாரு."

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. உருளையை உருவிவிட்டு, குழலைச் சன்னல் பக்கம் தூக்கி, தோட்டா போடும் முனையில் கண்ணை வைத்தான்.

வெளிச்சம் இல்லை.

ஏதோ அடைத்திருந்தது. ஈரமாக. நகர்ந்து வந்தது. நீலக் கட்டம்.

முகத்தை இழுத்தான். கண்ணோடு ஒட்டிக்கொண்டு குழலும் கூடவே வந்தது.

மேசைமேல் 'க்ளிக்'.

"அண்ணி, அதத் தொடாதீங்க."

"எதத் தம்பி?"

மறு கண்ணால் பார்த்தான். அவள் கைகள் இன்னும் முகத்தின் மேலேயே இருந்தன. பிடியில் தோட்டாவை அடிக்கும் இடது குதிரை முழுதாகப் பின்னுக்கு இழுபட்டிருந்தது. அதன் கீழே விசை, யாரும் தொடாமல், மெல்ல அழுந்திக்கொண்டிருந்தது.