கரையில் சொன்ன வார்த்தை

ஒச்சப்பன் வீட்டுக்குள் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே, சந்து முனையில் ஒச்சப்பன் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

பேச்சியம்மாள் குழம்பைக் கிண்டுவதை நிறுத்தினாள். அந்தச் செருமல் அவளுக்குத் தெரியாததா என்ன? குடித்துவிட்டு வருகிற நாளெல்லாம் சந்து முனையில் நின்று அவன் அப்படித்தான் செருமுவான். கேட்டதும் அவள் அருவாமனையை ஒளித்துவைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூலையில் போய் நின்றுகொள்வாள். உசிலம்பட்டிப் பக்கத்துக் குடிசையானால் என்ன, பிழைக்க வந்த இந்த மட்டாஞ்சேரி லைன் வீடானால் என்ன, அடி ஒன்றுதான். ஆனால் இப்போது அவன் இதோ சுவரோரம் சம்மணம் போட்டு, முறத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். தொண்டையில் ஒரு கரகரப்பும் இல்லை.

"ஏங்க, ஒங்களுக்கு ஏதும் கேட்டுச்சா?"

"என்னா பேச்சிம்மா?"

"ஒண்ணுமில்ல."

பேச்சிம்மாவாம்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயில் வராத வார்த்தை. மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், கள்ளுஷாப்பும் கைகலப்புமாகத் திரிந்தவன். அவனை யாரோ பள்ளுருத்தி ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போக, அங்கே விக்கி விக்கி அழுதானாம். அன்றோடு குடியை விட்டான். போன மாதம் கும்பளங்கிக் காயலில் ஞானஸ்நானமும் எடுத்துவிட்டான். அதற்கப்புறம் அவளுக்கு முன்னால் எழுந்து சாயா போடுவதென்ன, குழாயடியில் நின்று குடம் பிடிப்பதென்ன! "எந்தா பேச்சி, உன் ஆளு இப்படித் தங்கமாயிட்டான்!" என்று பக்கத்து வீட்டு கங்கா சேச்சி வாயைப் பிளந்தாள். பேச்சிக்கும் இந்தப் புது ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கை நழுவிப் போய்விடுவானோ என்று பயப்படுகிற அளவுக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் எடுப்பவன் தண்ணீரில் இறங்குமுன் கரையிலேயே, தான் யாருக்குக் கேடு செய்தானோ அவர்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் சபை கேட்க 'மன்னித்தேன்' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் முக்குவார்கள். ஒச்சப்பன் பேச்சியின் காலில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை. "புள்ளையவும் சேத்து மன்னிச்சிரு" என்றான்.

எந்தப் பிள்ளை? இவன் உதைத்த உதையில் ஐந்தாம் மாதத்தில் கலைந்ததே, அது. பழைய துண்டில் சுருட்டிக் கொடுத்தார்கள். அவள் பிரித்துப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. விரல்களெல்லாம் இருந்தன.

சபை முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "மன்னிச்சேன்" என்றாள். வாய் சொன்னது, அவ்வளவுதான். பாஸ்டர் செல்லதுரை அவனை மல்லாத்தி முக்கியெடுத்து, "பழைய மனுஷனை இங்கயே பொதைச்சாச்சு! எழும்பினது புது மனுஷன்!" என்று உரக்கச் சொன்னார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள் எல்லோரும்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மழை பிடித்துக்கொண்ட பிறகு, செருமல் சந்து முனையோடு நிற்கவில்லை. சாயங்காலம் கிடங்குகளின் பலகைக் கதவுகளைச் சாத்துகிற சத்தம் ஓய்ந்து, சுக்கும் மிளகும் ஈரச்சாக்கும் கலந்த காற்றில் காயலின் உப்பு வாடை ஏறி, ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்குகிற அந்த நேரத்துக்கு, கங்கா சேச்சி வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு யாரோ கால் இழுத்து நடந்து வருவது கேட்கும். பிறகு கள் நெடி. அதற்கடியில் அழுகிய சேற்று நெடி. காலையில் வாசற்படியில் கறுப்பாகக் காயல் சேறு அப்பியிருக்கும். அவள் யாரிடமும் சொல்லாமல் கழுவிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை ஓரமாக நிறுத்தினாள்.

"ஐயா, தண்ணியில பொதைச்ச ஆளு திரும்பி வருமா?"

அவர் சிரித்தார். "எப்படிம்மா வரும்? நீங்கதான் மனசார மன்னிச்சிட்டீங்களே. அப்புறம் அதுக்கு ஏது வழி?"

வாய்தானே சொன்னது! அவள் முகத்தைப் பார்த்து அவரும் சிரிப்பை நிறுத்தினார். "மனசுல இன்னும் ஏதாவது கிடந்தா, இன்னைக்கே சொல்லித் தீத்துருங்க சகோதரி. வச்சிருக்காதீங்க."

அன்று சாயங்காலமே ஒச்சப்பனிடம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். எப்படியாவது இந்த நல்லவனோடு வாழ்ந்துவிட வேண்டும், அது போதும் அவளுக்கு. விளக்கு வைக்கிற நேரம் கரண்டு போயிற்று. சிம்னி விளக்கைக் கொளுத்தினாள். ஒச்சப்பன் சுவரைப் பார்த்து முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். "ஆண்டவரே, பேச்சிம்மா மனசுக்குச் சமாதானம் குடுங்க. அவளை நான் ரொம்ப நோகடிச்சிட்டேன்..." ஓட்டில் மழை கொட்டியது. அவன் முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

செருமல். வாசலில்.

கால் இழுபட்டது. படியில் ஏறியது. பலகைக் கதவு லேசாக உள்ளே அழுந்தி நின்றது.

"ஏ பேச்சி. தொறடி."

ஜெபம் பண்ணுகிறவன் காதில் அது விழவில்லை. அவள் காதில் விழுந்தது. அந்த நேரத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. கரையில் அவள் காலைப் பிடித்தவன் உதைத்தவனே இல்லை. உதைத்தவன் வெளியே நிற்கிறான். மன்னிப்பதென்றால் அவனைத்தான் மன்னிக்க வேண்டும். முகத்துக்கு நேராக.

எழுந்து போனாள். கதவிடுக்கில் வாயை வைத்தாள். கள் நெடி மூஞ்சியில் அடித்தது.

"மன்..."

துண்டு. துண்டுக்குள் விரல்கள்.

"மன்னி..."

அடக் கடவுளே, ஒரு சொல்! ஒரே ஒரு சொல்! வெளியே மூச்சு வாங்குகிற சத்தம். காத்துக்கொண்டிருக்கிறான். அவளுக்குள் எங்கேயோ ஆழத்திலிருந்து அது கிளம்பி வந்தது. அவளே அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"மாட்டேன்" என்றாள்.

முதுகுக்குப் பின்னால் ஜெபம் நின்றது.

மழை மட்டும். சிம்னி படபடத்தது. அப்புறம் வேறொரு சத்தம். சொட்டு. சொட்டு. வீட்டுக்குள்ளே, ஜெபம் நடந்த மூலையில், சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டியது. கள் நெடியும் சேற்று நெடியும் குப்பென்று அறையை நிறைத்தன.

கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக.

"பேச்சிம்மா." வெளியிலிருந்து. நடுங்குகிற குரல். "நான் எப்படி வெளிய வந்தேன்? கதவைத் தொற பேச்சிம்மா. குளிருது."

திரும்பிப் பார்க்கவில்லை அவள். பார்க்க மாட்டாள். தாழ்ப்பாளைப் பிடித்தாள். இழுத்தால் போதும், உள்ளே வந்துவிடுவான். இழுத்தாள்.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. ஈரக் கை. ஊறி வெளுத்த தோல். நகத்திலெல்லாம் காயல் சேறு. அவள் கையோடு சேர்த்துத் தாழ்ப்பாளைப் பொத்தியது.

"பேச்சிம்மா, பேச்சிம்மா" என்று வெளியே அவன் அழ ஆரம்பித்தான். உள்ளே அந்தக் கை, தாழ்ப்பாளை மெல்ல, கடைசிவரைக்கும் தள்ளிப் போட்டது.